தார் ரோட்டிலிருந்து பத்தடி

ஷார்ஜாவுக்கு வந்து இத்தனை வருஷத்தில் நான் மணலில் மாட்டியது ஒரே ஒரு தடவை. நடுப் பாலைவனத்தில் இல்லை, தார் ரோட்டிலிருந்து பத்தடி தள்ளி. போகிற லாரிக்காரர் ஹாரன் அடித்துக் கை காட்டிவிட்டுப் போகிற தூரம். வெட்கம் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

2022 டிசம்பர். அப்பாவும் அம்மாவும் விசிட் விசாவில் வந்திருந்தார்கள். புர்ஜ் கலீஃபா, குளோபல் வில்லேஜ், மீன் மார்க்கெட் எல்லாம் முதல் பத்து நாளில் முடிந்துபோயின. அப்பாவுக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை. சாத்தான்குளம் பக்கத்துக்காரர். பனையும் முந்திரியும், தேரி என்கிற செம்மணல் மேடுமாகவே அறுபத்தெட்டு வருஷம் கழித்தவர். பதினோராவது நாள் பால்கனியில் நின்று எதிர் பில்டிங்கையே வெறித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்: "ஏல, அரபு நாடுன்னா மணலுதானே? அத எப்பம் காட்டப்போற?"

டெசர்ட் சஃபாரிக்கு விலை விசாரித்துவிட்டு வேண்டாம் என்று விட்டேன். காசு மட்டும் காரணமில்லை. மணல் மேடுகளில் வண்டியை ஏற்றி இறக்கிக் குலுக்கும் அந்த அரை மணி நேரம் அம்மாவின் இடுப்புக்கு ஆகாது. முதுகுவலி, கர்ப்பம், சமீபத்தில் ஆபரேஷன் என்று எது இருந்தாலும் அந்த வண்டியில் ஏறக்கூடாது. விலை விசாரித்தபோது என்னிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. நாமாகச் சொன்னால்தான் உண்டு.

பக்கத்து ஃபிளாட்டில் காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். ஊர் வழக்கப்படி நாங்கள் எல்லோரும் அவரைக் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். பழைய ஃபோர் வீல் வண்டி ஒன்றை வைத்துக்கொண்டு இருபது வருஷமாகப் பாலைவனம் சுற்றுகிறவர். அவர்தான் அல் மதாம் பக்கம் மணலில் புதைந்த ஊரைச் சொன்னார். "சலூன் கார்ல போறீங்கன்னா ரோட்டோரத்துலயே நிறுத்திட்டு நடந்து போங்க தம்பி. உள்ள இறக்கிராதீங்க." என்னுடையது சாதாரணத் தாழ்வான சலூன் கார்தான் என்பதால் இதை இரண்டு தடவை சொன்னார். நானும் இரண்டு தடவை தலையாட்டினேன்.

விடுமுறைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், புதிதாக வருகிறவர்கள் இதில்தான் குழம்புகிறார்கள். 2022 ஜனவரியிலிருந்து இங்கே அரசு அலுவலகங்களுக்கு வார விடுமுறை மாறிவிட்டது. ஷார்ஜாவில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் லீவு. மற்ற எமிரேட்டுகளில் வெள்ளி அரை நாள், பிறகு சனி, ஞாயிறு. என் மாதிரி தனியார் கம்பெனிக்காரனுக்கு ஞாயிறு மட்டும். ஆக, எல்லோரும் வீடு திரும்புகிற ஞாயிறு சாயங்காலம்தான் எனக்கு மணல். திரும்பி வரும் ரோட்டில் ஒரு மணி நேரம் கூடுதலாகப் போகும் என்று வைத்துக்கொண்டுதான் கிளம்புவேன்.

அன்று மூன்று மணிக்கு அல் மதாம் போய்ச் சேர்ந்தோம். 1970-களில் கட்டப்பட்ட குடியிருப்பு. இரண்டு வரிசை வீடுகள், கடைசியில் ஒரு பள்ளிவாசல். மக்கள் விட்டுப் போய்விட்டார்கள், மணல் குடியேறிவிட்டது. சில வீடுகளில் ஜன்னல் உயரத்துக்கு மணல். ஏன் விட்டுப் போனார்கள் என்பதற்கு ஜின் கதைகள் நிறைய உண்டு. அதில் உம் துவைஸ் என்ற ஒருத்தி வருவாள். அழகான பெண்ணாக, வாசனையோடு வந்து ஆண்களை மயக்கிக் கூட்டிப்போய்க் கொன்றுவிடுவாள். இதை அம்மாவிடம் சொன்னதும், "இது நம்ம மோகினிதான. பிச்சிப்பூவுக்குப் பதிலா அத்தரு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

ஊருக்குள் போவதற்கு முன்பே நடந்தது என் கூத்து. ரோட்டிலிருந்து கொஞ்ச தூரம் நடக்க வேண்டும், அம்மாவுக்கு முழங்கால் வலி. மணலில் இரண்டு கோடாக டயர் தடம் பளிச்சென்று தெரிந்தது. யாரோ போயிருக்கிறார்கள், நாமும் கொஞ்சம் இறக்கி நிறுத்தலாம் என்று திருப்பினேன். ஒருவர் போனார் என்பதைத்தான் தடம் சொல்லும். என்ன வண்டியில், டயரில் எவ்வளவு காற்றோடு போனார் என்று சொல்லாது. இன்றைக்கும் யாராவது என்னிடம் யோசனை கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

முதல் ஐந்தடி ஒன்றும் இல்லை. ஆறாவது அடியில் ஸ்டியரிங் தண்ணீரில் துடுப்புப் போடுவதுபோல் லேசாகிவிட்டது. பயத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தினேன். முன் சக்கரம் இரண்டும் உறுமி, மணலைப் பின்னால் வாரி இறைத்து, வண்டி மூக்கை மண்ணில் வைத்துப் படுத்துவிட்டது. ரிவர்ஸ் போட்டேன், இன்னும் இறங்கியது. என் பெண் பின் சீட்டில் கை தட்டினாள். அவளுக்கு எட்டு வயசு, இதுதான் சஃபாரி என்று நினைத்திருப்பாள்.

அப்பா கதவைத் திறந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். "மிதிக்காதல! மிதிக்க மிதிக்க அது தனக்குத்தானே குழி தோண்டும். எல்லாரும் எறங்குங்க." குனிந்து கைப்பிடி மணலை அள்ளி விரலிடுக்கில் வழியவிட்டுப் பார்த்தார். "தேரி மணலு மாதிரிதான். நெறந்தான் வேற."

தேரியில் மாட்டுவண்டி அச்சு வரைக்கும் இறங்கினால் என்ன செய்வார்கள் என்பதை அன்றுதான் முழுசாகக் கேட்டேன். முதலில் பாரத்தை இறக்கணும். பிறகு சக்கரத்துக்கு முன்னால் இருக்கிற மணலை வாரணும், பின்னால் இருப்பதை இல்லை. எந்தப் பக்கம் போகப்போகிறோமோ அந்தப் பக்கம் சரிவாக ஒரு வழி வெட்டணும். அதில் பனை ஓலையைக் குறுக்கே போட்டு, மாட்டை அதட்டாமல் மெதுவாக இழுக்கவிடணும். மாடு மிரண்டு வெட்டி இழுத்தால் வண்டி இன்னும் புதையும். என் வலது கால் செய்த வேலையை மாட்டின் பேரில் வைத்துச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

மண்வெட்டி இல்லை. புளியோதரை கொண்டுவந்த சம்படத்து மூடியை எடுத்து அப்பா வாரத் தொடங்கினார். நான் சாப்பாட்டுத் தட்டால் வாரினேன். உலர்ந்த மணல் ஒரு தட்டு எடுத்தால் முக்கால் தட்டு திரும்பச் சரிந்து வந்தது. சக்கரத்தைவிட வண்டியின் அடிவயிறுதான் தொல்லை. அடிப்பாகம் மணல்மேல் உட்கார்ந்துவிட்டால் சக்கரம் சும்மா காற்றில் சுற்றுகிற மாதிரிதான். படுத்துக்கொண்டு அடியில் இருக்கிற மணலைக் கையால் இழுத்தோம். ஓலைக்குப் பதிலாகக் காரின் கால்மிதிகளைப் போட்டேன். ரிவர்ஸ் கொடுத்ததும் முன் சக்கரம் ஒரு மிதியைக் கவ்வி எதிர்ப்பக்கம் பறக்கவிட்டது. நல்லவேளை, அங்கே யாரும் நிற்கவில்லை. அந்தச் சமயத்தில் சக்கரத்துக்கு நேராக முன்னாலும் சரி, பின்னாலும் சரி, ஆள் நிற்கவே கூடாது.

நாற்பது நிமிஷம் போயிற்று. ஒரு பிக்கப் வந்து நின்றது. கந்தூரா என்கிற அரபு நீள அங்கி போட்ட இளைஞர், இருபத்தைந்து வயசு இருக்கலாம். சலாம் சொன்னார், வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார், சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. கீழே கிடந்த சின்னக் கல் ஒன்றை எடுத்து டயர் வால்வு நடுவில் இருக்கிற ஊசியை அழுத்திப் பிடித்தார். உஸ்ஸென்று காற்று போயிற்று. நாலு டயருக்கும் அப்படியே. 33 பி.எஸ்.ஐ. இருந்த காற்று 16, 17-க்கு இறங்கியிருக்கும். டயர் தட்டையாகி மணலில் பரவி நிற்கும், பாரம் ஒரே இடத்தில் குத்தாது. ஒட்டகத்தின் பாதம் அகலமாக இருப்பதற்கும் இதுதான் கணக்கு. முதல் ஐந்து நிமிஷத்தில் நானே செய்திருக்கக்கூடிய வேலை இது, ஒரு சாவி போதும்.

பிறகு, "ஹூக் கிதர் ஹை?" என்று இந்தியில் கேட்டார், கயிறு மாட்டும் கொக்கி எங்கே என்று. நான் திருதிருவென்று விழித்தேன். ஏழு வருஷமாக ஓட்டுகிற வண்டி. அவரே டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் ஜாக்கி வைத்திருக்கும் பள்ளத்திலிருந்து திருகு மரை போட்ட ஒரு இரும்பு வளையத்தை எடுத்தார். பம்பரின் ஓரத்தில் உள்ளங்கை அகலச் சதுர மூடி ஒன்று இருக்கும், நகத்தால் நெம்பினால் வந்துவிடும். உள்ளே அந்த வளையத்தைத் திருகி மாட்டினார். பெரும்பாலான சின்ன கார்களில் இது உண்டு. இதை வாசிக்கிறவர்கள் இன்றைக்கு ராத்திரியே கீழே இறங்கிப்போய் உங்கள் வண்டியில் அது எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். இது தெரியாமல் பம்பரிலோ சக்கரத்தின் கம்பியிலோ கயிற்றைக் கட்டினால் மணலிலிருந்து வண்டி வரும், கூடவே பம்பரும் வரும்.

பட்டையான நைலான் கயிற்றைக் கட்டி, வந்த வழியிலேயே பின்னோக்கி இழுத்தார். ஸ்டியரிங்கை நேராகப் பிடிக்கச் சொன்னார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, வண்டி தார் மேல் நின்றது. காசு நீட்டினேன், கையை நெஞ்சில் வைத்து மறுத்துவிட்டார். அம்மா முறுக்கு டப்பாவை நீட்டினாள், அதில் இரண்டு எடுத்துக்கொண்டார். காற்று இறக்கிய டயரோடு வேகமாக ஓட்டக்கூடாது என்று அவர் சைகையில் சொன்னது போலவே, நாற்பதைத் தாண்டாமல் உருட்டிக்கொண்டு அடுத்த பெட்ரோல் பங்கில் காற்று நிரப்பினேன். அப்புறம் நடந்தே போய் அந்த ஊரைப் பார்த்தோமா என்றால், இல்லை. அன்று பார்க்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, ரோட்டோரத்தில் நிறுத்தி, அம்மாவை மெதுவாக நடத்திக் கூட்டிப்போய்த்தான் பார்த்தோம்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மணலுக்குப் போவதென்றால் சில பழக்கங்கள் வந்துவிட்டன. சலூன் காரில் போனால் தார் விட்டு இறங்குவதில்லை, அவ்வளவுதான். அதனால் ஒன்றும் குறைந்துபோகவில்லை. துபாயில் அல் குத்ரா ஏரிப் பக்கமோ மதாம், மலீஹா ரோட்டிலோ, தாரின் ஓரத்திலிருந்தே இருநூறு மீட்டர் நடந்தால் நல்ல மணல் மேடு கிடைக்கும். பிள்ளைகளுக்கு உருண்டு விளையாட ஒரு மேடு போதும்.

இன்னொன்று, திரும்பும் நேரம். டிசம்பரில் ஐந்தரைக்கெல்லாம் சூரியன் போய்விடும். அரை மணி நேரத்தில் கும்மிருட்டு. மணலில் எல்லா மேடும் ஒரே மாதிரி தெரியும், நிறுத்திய வண்டியே கண்ணுக்குத் தட்டுப்படாது. அதற்காகச் சூரிய அஸ்தமனத்தைப் பார்க்காமல் வரச் சொல்லவில்லை, அதற்குத்தானே போகிறோம். முன்கூட்டியே வண்டிக்குப் பக்கத்தில் வந்து, வண்டியின் மூக்கை வீட்டைப் பார்த்துத் திருப்பி நிறுத்திவிட்டு, அங்கே உட்கார்ந்து பார்ப்போம். சிக்னல் இருக்கும்போதே இருக்கிற இடத்தை வாட்ஸ்அப்பில் காக்காவுக்கு அனுப்பிவிடுவேன். ஆபத்து என்றால் 999. ஆனால் எங்கே இருக்கிறீர்கள் என்று போலீஸ் கேட்டால் "மணல்ல" என்று சொல்ல முடியாது.

தண்ணீரை ஆளுக்கு இரண்டு லிட்டர் என்று எடுத்துக்கொள்வோம். அதைத் தவிர டிக்கியில் ஐந்து லிட்டர் கேன் ஒன்று, தொடாமல் கிடக்கும். மாட்டிக்கொண்டால் அது. குளிர்கால மாலைக்கே இந்தக் கணக்கு. மே முதல் செப்டம்பர் வரைக்கும் பகலில் அந்தப் பக்கமே போவதில்லை. நாற்பத்தைந்து டிகிரியில் அரை மணி நேரம் மணல் வாரினால் வாருகிறவரையே தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

பெண்கள் வாய்விட்டுச் சொல்லத் தயங்குகிற, ஆண்கள் யோசிக்கவே யோசிக்காத விஷயம் பாத்ரூம். முதல் தடவை அம்மா மத்தியானத்திலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை, ஏன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சர்க்கரை உள்ளவள். ராத்திரி தலை சுற்றுகிறது என்று படுத்தபோது மனைவிதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். இப்போது கடைசிப் பெட்ரோல் பங்கு எது என்று பார்த்துவிட்டுத்தான் இடத்தையே முடிவு செய்கிறோம். போகும்போது அங்கே நிறுத்துவோம், வரும்போதும் நிறுத்துவோம், யாரையும் தேவையா என்று கேட்பதில்லை.

சாப்பாட்டில் நான் புளியோதரைக் கட்சி. கெடாது, கரண்டியே போதும், காற்றில் மணல் விழுந்தாலும் கடுகு என்று நினைத்துச் சாப்பிடலாம். காக்கா வீட்டில் சுட்ட கோழி இல்லாமல் பாலைவனம் இல்லை. அதற்கும் அவர் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறார். கால் வைத்த அடுப்பில்தான் கரி, தரையில் நெருப்பு கிடையாது. முடிந்ததும் கரிமேல் தண்ணீர் ஊற்றி, ஆறவைத்து, தகர டப்பாவில் அள்ளி வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவார். மணலைத் தள்ளி மூடினால் கரி அணையாது, மூடின சூடு மணிக்கணக்கில் இருக்கும். அவருடைய தங்கை பையன், யாரோ மூடிவிட்டுப் போன கரிமேல் வெறுங்காலோடு ஓடி, மூன்று வாரம் நடக்கவில்லை. பிளாஸ்டிக் பையும் அப்படித்தான். காற்றில் பறக்கிற பையை ஒட்டகம் தின்றுவிடும், வயிற்றில் கல்லாகத் திரண்டு அதைக் கொன்றுவிடும். செத்த ஒட்டகத்தின் வயிற்றிலிருந்து எடுத்த பிளாஸ்டிக் உருண்டையின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து என் பெண் அடுத்தவர் குப்பையையும் பொறுக்குகிறாள். அதனால் கிளம்பத் தாமதமாவது தனிக் கதை.

ஜனவரியில் காக்கா தன் வண்டியில் எங்களை மலீஹாவுக்குக் கூட்டிப்போனார். அங்கே தொல்லியல் மையம் இருக்கிறது. நாலாயிரம் வருஷத்துக்கும் மேற்பட்ட உம் அன்-நார் எனப்படும் வெண்கலக் காலத்து வட்டக் கல்லறையைப் பக்கத்திலேயே பார்க்கலாம். சற்றுத் தள்ளி ஃபாயா மலை. அங்கே கிடைத்த கல் ஆயுதங்கள் ஏறத்தாழ ஒன்றேகால் லட்சம் வருஷப் பழமை என்று 2011-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ ஃபாயா நிலப்பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நாங்கள் போன அன்று அந்தப் பெருமையெல்லாம் இல்லை, கூட்டமும் இல்லை. மலீஹா மலைப் பாறையில் கடல் சிப்பிகளின் புதைபடிவங்கள் தெரிந்தன. டைனோசர் காலத்தில் அந்த இடம் கடலடி. பெண் ஒன்றை எடுத்துப் பையில் போடப் பார்த்தாள். காக்கா, "இத்தன கோடி வருஷம் இங்கதான இருந்திச்சு, இருக்கட்டும் வாப்பா" என்று அவள் கையிலிருந்து வாங்கித் திரும்ப வைத்தார்.

அங்கேதான் அப்பா முதல் தடவையாக இந்த ஊரை ஏற்றுக்கொண்டார் என்று நினைக்கிறேன். மணல் நடுவில் தனியாக ஒரு மரம், கிளை தாழ்ந்து நிழல் விரித்து நின்றது. காக்கா "இதான் காஃப் மரம், இவங்க தேசிய மரம்" என்றார். அப்பா ஒரு சிறு கிளையை வளைத்து, இலையைத் திருப்பிப் பார்த்து, தண்டில் இருந்த சின்ன முள்ளை விரலால் தடவினார். "வன்னியில்லாவே இது!"

வன்னியேதான். வீட்டுக்கு வந்து பார்த்தேன், தாவரவியலில் இரண்டுக்கும் ஒரே பேர், புரோசோபிஸ் சினரேரியா. விருத்தாசலம் கோயிலில் தல விருட்சம், விஜயதசமிக்கு அம்பு போடுகிற மரம். இங்கே 2008-இல் தேசிய மரமாக அறிவித்திருக்கிறார்கள். வேர் முப்பது மீட்டர் வரை இறங்கித் தண்ணீர் தேடும் என்கிறார்கள். இத்தனை வருஷம் அதன் நிழலில் உட்கார்ந்து பிரியாணி தின்றிருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகு அப்பா வழியெல்லாம் ஆள் அடையாளம் கண்டுபிடிக்கிறவர்போல் ஆகிவிட்டார். அது எருக்கு. அது நம்ம உடைமரம் மாதிரி இருக்கு, ஆனா உடையில்ல. ரோட்டோரம் சீமைக்கருவேலத்தைப் பார்த்ததும், "இந்தச் சனியன் இங்கயும் வந்துட்டா?" என்றார்.

அன்று திரும்பும்போது ஒட்டகங்கள் ரோட்டைக் கடந்தன. இருட்டில் காக்கா எண்பதுக்கு மேல் போவதே இல்லை. ஒட்டகத்தின் கால்தான் வண்டியின் மூக்கில் படும், உடம்பு அப்படியே கண்ணாடிமேல் வந்து விழும். குளிர்காலத்தில் விடியற்காலைப் பனிமூட்டமும் அதே அளவு ஆபத்து. அதனால்தான் அதிகாலைப் பாலைவனம் அழகு என்று யார் சொன்னாலும் நாங்கள் எட்டு மணிக்கு முன் கிளம்புவதில்லை. படாயர் பக்கம் மணலில் ஓட்ட வாடகைக்கு விடுகிற நாலு சக்கர குவாட் பைக்கைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஹெல்மெட் கொடுக்காத கடையில் ஏறாதீர்கள், பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள், சின்னப் பிள்ளைகளை முன்னால் வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். அதற்கு மேல் எனக்கு அதில் ஆர்வம் இல்லை, அந்தச் சத்தத்துக்கு நகரத்திலேயே இருக்கலாம்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் அப்பா, பாசுமதி அரிசி வந்த பழைய சாக்கு இரண்டைத் துவைத்துக் காயவைத்து, நாலாக மடித்து, டிக்கியில் ஸ்டெப்னிக்கு மேல் வைத்துவிட்டுப் போனார். ஓலை இல்லாத ஊருக்கு ஓலை. மண்வெட்டி, காற்று அளக்கும் மீட்டர், சிகரெட் லைட்டர் துளையில் செருகும் காற்றுப் பம்பு எல்லாம் நான் அப்புறம் வாங்கிச் சேர்த்தேன். சாக்கைச் சக்கரத்துக்கு அடியில் போடும் தேவை இதுவரைக்கும் வரவில்லை. போன மாசம் அல் குத்ராவில் ஈர மணலில் உட்காரப் பெண் அதில் ஒன்றை எடுத்து விரித்துவிட்டாள். அந்தப் போட்டோவை ஊருக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் போன் வந்தது.

"ஏல, அத சக்கரத்துக்குல வச்சேன். நீங்க உக்காந்து திங்கவா வச்சேன்?"